சபை ஊழியத்தைப் பங்குபோட்டுச் செய்வது எப்படி? சேகரகுருவுக்கும் சபையாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"ஐயரவாள் வந்து ஜெபம் பண்ணினால்தான் ஜெபம்" என்று காத்திருக்கிற சபைகள் உண்டு (குருவானவரைத்தான் ஐயரவாள் என்பார்கள்). "எல்லாம் கமிட்டி பார்த்துக்கொள்ளும், ஐயரவாள் ஆராதனையை நடத்தினால் போதும்" என்கிற சபைகளும் உண்டு. முதல் வகையில் குருவானவர் ஓடி ஓடிக் களைத்துப்போவார். இரண்டாவது வகையில் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கினால் அவருடைய பேச்சு எடுபடாது. இரண்டிலும் பெரும்பாலான சபையார் செய்வது ஒன்றுதான்: வருவது, உட்காருவது, ஆசீர்வாதம் கூறியதும் கிளம்பிவிடுவது.

தென் தமிழகத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சேகரகுரு, அவருக்குக் கீழே சபை ஊழியர்கள், தாய்ச் சபையோடு சேர்ந்த சில கிளைச் சபைகள், தேர்தலில் வந்த சேகர கமிட்டி என்ற அமைப்பு. கத்தோலிக்கப் பங்குகளில் பங்குப் பேரவை, அன்பியம் என்று பெயர்கள் மாறும். பெந்தெகொஸ்தே சபைகளில் மூப்பர்கள், செல் குழுக்கள் என்பார்கள். சிக்கல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையைக் கொடுக்கிறோம், பொறுப்பைக் கொடுப்பதில்லை. நாற்காலி போட, பந்தி பரிமாற, பந்தல்காரரிடம் பேரம் பேச ஆள் கூப்பிடுகிறோம். ஒரு முடிவை எடுக்கும் உரிமையையோ, அதற்கான கொஞ்சம் பணத்தையோ, அதைச் செய்யும் பழக்கத்தையோ கொடுப்பதில்லை. இந்த மூன்றும் சேர்ந்து போனால்தான் ஊழியம் பகிரப்பட்டதாக அர்த்தம்.

வேதத்தில் இது எப்படி நடந்தது

படிகளுக்குப் போகுமுன் இதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஏனென்றால் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் "இதற்கு வசனம் உண்டா?" என்று கேட்பார்.

யாத்திராகமம் 18-ல் மோசே காலை தொடங்கி சாயங்காலம்வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேராகவே சொல்லிவிடுகிறார். அவர் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். மோசே மட்டுமல்ல, ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால், வரிசையில் நிற்பவர்களுக்கும் களைப்புதான். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். பெரிய வழக்கு மட்டும் மோசேயிடம் வரும். சிறியதை அவர்களே தீர்ப்பார்கள். முடிவெடுக்கும் உரிமை இங்கே கீழே வரைக்கும் போகிறது.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழும்பியது. பன்னிருவர் தாங்களே போய்ப் பரிமாறவில்லை. "நற்சாட்சி பெற்றிருக்கிற ஏழுபேரை உங்களில் தெரிந்துகொள்ளுங்கள்" என்று சபையாரிடமே விட்டார்கள். சபையார் தெரிந்துகொண்டார்கள், அப்போஸ்தலர் ஜெபம்பண்ணிக் கைகளை வைத்தார்கள். ஏழு பேரின் பெயரையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாமே கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட கூட்டத்தாரின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நம் கமிட்டிகளில் முறையிடுபவரை அடுத்த தேர்தலில் தோற்கடிப்பதுதான் வழக்கம்.

எபேசியர் 4:11, 12 எல்லாருக்கும் தெரிந்த வசனம். மேய்ப்பரையும் போதகரையும் ஆண்டவர் ஏற்படுத்தியது பரிசுத்தவான்கள் சீர்பொருந்துவதற்காக. அதாவது குருவானவருடைய முக்கியமான வேலை, மற்றவர்களை வேலைக்கு ஆயத்தப்படுத்துவது. ஆனால் அவருடைய வாரத்தைக் கணக்குப் பார்த்தால் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுங்காது.

நம் மண்ணில் நடந்தது

இது புதிய யோசனையும் அல்ல. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கமே அபிஷேகம் பெறாத ஒரு பெண்ணிடம்தான் இருக்கிறது. பிராமண விதவையான கிளாரிந்தா 1778-ல் ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பாளையங்கோட்டையில் அவர் முன்னின்று கட்டிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையானது. அந்தச் சபையைக் கவனித்த சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது 1790-ல்தான். அதற்கு முன்பே அங்கே ஒரு சபை கூடி, வளர்ந்துவிட்டது. 1799-ல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உருவானதற்குப் பின்னால் இருந்த தாவீது சுந்தரானந்தமும் குருவானவர் அல்ல, உபதேசியார்.

பிறகு 1903. வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்னின்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. ஊர் ஊராகச் சபையார் கொடுத்த காணிக்கையில் தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு மிஷனெரிகள் போனார்கள். அப்போது அசரியா குருவானவர்கூட இல்லை. 1912-ல் அவரே தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கையை வைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைப்பாராம். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத கூலி விவசாயிகள். படிப்பு வரட்டும், அப்புறம் ஊழியம் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் சபைகளில் பட்டதாரிகளே "எனக்கென்ன தெரியும்" என்று பின்வாங்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதல் படி: இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள்

குருவானவர், கமிட்டிச் செயலர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர், வாலிபரில் ஒருவர். இந்த நாலு பேர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். ஒரு மாதத்தில் சேகரத்தில் நடக்கிற வேலை எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் செய்கிறவர் பெயரைப் போடுங்கள். ஆராதனை, பிரசங்கம், கிளைச் சபைகளுக்குப் போய்வருவது, வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி சந்திப்பு, அடக்க ஆராதனை, திடப்படுத்தல் வகுப்பு (சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தப்படுத்துவது), ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, சங்கக் காணிக்கை வசூல், கணக்கு, கட்டட வேலை, பள்ளிக்கூட விஷயம், குடும்பச் சண்டை, தாசில்தார் ஆபீஸ் நடை என்று பட்டியல் நீளும்.

எழுதி முடித்ததும் இரண்டு விஷயம் தெரியும். குருவானவர் பெயர் தேவையில்லாத இடத்திலெல்லாம் இருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது உட்பட. அப்புறம், நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஞாயிறு பாடமும் அதே அக்கா, பாடகர் குழுவும் அதே அக்கா, பிடி அரிசி (வீடுகளில் காணிக்கையாக ஒதுக்கும் கைப்பிடி அரிசி) வசூலும் அதே அக்கா. அவரை ஆண்டு விழாவில் பாராட்டிப் பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் பாரத்தை இறக்கிவைக்க யாரும் வருவதில்லை.

இரண்டாம் படி: மூன்றாகப் பிரியுங்கள்

குருப்பட்டம் பெற்றவரே செய்யவேண்டியவை முதல் பங்கு. திருவிருந்து ஆராதனையை நடத்துவது, வழக்கமான ஞானஸ்நானம், திருமணம். திருமணத்தில் சட்டமும் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதற்குத் தகுதியோ உரிமமோ உள்ளவர்தான் நடத்தி, பதிவேட்டில் எழுத வேண்டும். இதோடு, ஒருவர் இரகசியமாக வந்து சொல்லும் பாவ அறிக்கையைக் கேட்பது, சபை ஒழுங்கு நடவடிக்கை ஆகியவையும் குருவானவரிடமே இருக்கட்டும்.

இரண்டாம் பங்கு, சேர்ந்து செய்பவை. பிரசங்கம், திடப்படுத்தல் வகுப்பு, நோயாளிகள் சந்திப்பு, துக்க வீடு, ஆராதனையில் வேதபாடமும் விண்ணப்ப ஜெபங்களும். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை" வரவழைக்கட்டும் என்று பன்மையில்தான் சொல்கிறது. ஐயரவாள் வரவில்லை என்று கோபித்துக்கொள்கிற நோயாளிகளின் வீட்டாருக்கு இந்த வசனத்தைப் பிரசங்கத்தில் ஒருமுறை விளக்கிவிடுவது நல்லது. முன்கூட்டியே சொன்னால் போதனை. அவர்கள் கோபித்த பிறகு சொன்னால் சாக்கு.

மூன்றாம் பங்கு, குருவானவர் கை வைக்கவே வேண்டாதவை. கட்டடம், மின்சாரம், ஒலிபெருக்கி, அசனப் பண்டிகைச் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) சமையல், வாகனம், வரவுசெலவுப் புத்தகம் எழுதுவது. இவற்றை விட்டுக்கொடுக்கத்தான் சில குருமார்களுக்கு மனது வராது. கட்டடம் கட்டிய ஐயர் என்று கல்வெட்டில் பெயர் வருமே! வீடு சந்தித்த ஐயருக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.

இந்தப் பட்டியலில் விட்டுப்போகிற ஒரு பெரிய பகுதி உண்டு. ஆலயத்துக்கு வெளியே வாரம் முழுவதும் சபையார் செய்கிற வேலை. ஆசிரியை வகுப்பில் நடந்துகொள்ளும் விதம், கடைக்காரரின் தராசு, அரசு அலுவலர் கை நீட்டாமல் கையெழுத்துப் போடுவது, பக்கத்து வீட்டு இந்துப் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வாலிபன். இதையெல்லாம் ஊழியம் என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லாவிட்டால், காணிக்கைப் பை பிடிப்பது மட்டுமே ஊழியம் என்று சபையார் நினைத்துக்கொள்வார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு தொழில் செய்பவர்களை, நர்சுகள் என்றால் நர்சுகளை, விவசாயிகள் என்றால் விவசாயிகளைப் பேர் சொல்லி விண்ணப்ப ஜெபத்தில் நினையுங்கள். செலவில்லாத வேலை.

மூன்றாம் படி: ஆட்களைத் தேடுவது

அறிவிப்பில் "ஊழியத்தில் விருப்பமுள்ளவர்கள் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய குருவானவர் அறை) பெயர் கொடுக்கலாம்" என்று சொல்லாதீர்கள். வழக்கமாக வருகிறவர்களே வருவார்கள். தகுதியுள்ள பலர் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். "உங்கள் தெருவில் அந்தத் தாத்தா படுக்கையில் விழுந்ததிலிருந்து நீங்கள்தான் சாப்பாடு கொடுத்து வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். அதே தெருவில் இன்னும் பதினைந்து வீடுகளை விசாரித்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால், அவருக்குத் தன்னை எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரியும். ஏற்கெனவே யார் எதைத் தானாகச் செய்கிறார்களோ, அங்கேதான் வரம் இருக்கிறது. வரம் கண்டுபிடிக்க என்று அச்சடித்த கேள்வித்தாள்கள் கிடைக்கின்றன. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

யாரைக் கேட்கக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். தேர்தலில் தோற்றவரைச் சமாதானப்படுத்தப் பொறுப்பு கொடுக்காதீர்கள். பெரிய காணிக்கை கொடுப்பவர் என்பதற்காகவும் கொடுக்காதீர்கள். சாதி, குடும்ப அணி கணக்குப் பார்த்து "அவங்க பக்கம் ஒண்ணு, இவங்க பக்கம் ஒண்ணு" என்று பங்குபோடுவது நம் சேகரங்களின் பழைய நோய். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. பொறுப்பாளர் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே வயது, ஆண்கள் மட்டும் என்றிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளைப் பவுல் ரோமர் 16-ல் முதலாவதாகப் பரிந்துரைக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையில் 1976-லேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாகிவிட்டது, 2013-ல் பெண் பேராயரும் வந்தாகிவிட்டது. ஆனாலும் பல ஊர்களில் வேதபாடம் வாசிக்கப் பெண்கள் முன்னால் வருவது அவர்களுக்கென்று வைத்த பண்டிகை ஞாயிற்றில் மட்டும்தான்.

நான்காம் படி: அரைத் தாளில் எழுதிக் கொடுங்கள்

வாய்வார்த்தையில் கொடுத்த பொறுப்பு முதல் சண்டையில் காணாமல் போகும். அரைப் பக்கம் போதும். உதாரணத்துக்கு ஒன்று:

பொறுப்பு: கீழத்தெரு 18 வீடுகளை விசாரிப்பது.
காலம்: ஜூன் முதல் அடுத்த மே வரை. விருப்பமிருந்தால் இன்னும் ஒரு ஆண்டு.
நீங்களே முடிவு செய்யலாம்: எந்த வீட்டுக்கு எப்போது போவது, யாரைத் துணைக்குக் கூட்டிப்போவது, அவசரத்துக்கு மாதம் 500 ரூபாய்வரை உதவுவது.
கேட்டுச் செய்யவேண்டியது: அதற்கு மேல் உதவி, குடும்பத் தகராறில் தலையிடுவது.
உடனே குருவானவருக்குச் சொல்லவேண்டியது: மரணம், பெரிய நோய், அடிதடி, தற்கொலை எண்ணம், பிள்ளைகளுக்கு எதிரான கொடுமை.
யாரிடமும் சொல்லக்கூடாதது: மேலே சொன்னவை தவிர, அந்த வீடுகளில் கேட்டது எதுவும்.

நடு மூன்று வரிகள்தான் உயிர். எதைக் கேட்காமல் செய்யலாம் என்று தெரியாதவர் ஒன்று எல்லாவற்றுக்கும் போன் போடுவார், அல்லது எதையும் செய்யாமல் இருந்துவிடுவார். காலவரையறையும் முக்கியம். முடிவு தேதி இல்லாத பொறுப்பை நல்லவர்கள் ஏற்கத் தயங்குவார்கள், பதவி ஆசை உள்ளவர்கள் விடமாட்டார்கள்.

எழுதிக் கொடுத்ததும் ஒரு ஞாயிறு சபைக்கு முன்னால் நிறுத்தி, குருவானவர் அவர்களுக்காக ஜெபிக்கட்டும். இந்த ஊழியர் வீட்டுக்கு வந்தால் சபையே வந்த மாதிரி என்று அன்றைக்குச் சபையாருக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வீட்டிலேயே "ஐயரவாள் வரலையா?" என்று கேட்டு ஆளை நோகடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: கூட்டிப்போய்ப் பழக்குங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து பேச்சாளரை அழைத்து, மதிய பிரியாணியோடு ஒருநாள் பயிற்சி முகாம் வைப்பது சுலபம். மறுநாள் ஒன்றும் மாறியிருக்காது. கூடப்போய்க் கற்பதுதான் நிற்கும். முதலில் குருவானவர் செய்வார், இவர் கூட இருந்து பார்ப்பார். அடுத்து இவர் செய்வார், குருவானவர் கூட இருப்பார். பிறகு தனியாகப் போய்விட்டு வந்து சொல்வார். அதற்கப்புறம் இவர் இன்னொருவரைக் கூட்டிப்போவார். பவுல் 2 தீமோத்தேயு 2:2-ல் சொல்வதும் இதைத்தான். கேட்டதை, மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கச் சொல்கிறார்.

ஆஸ்பத்திரி சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போகிறவருக்குச் சொல்லித்தர வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். போகுமுன் வீட்டாரிடம் நேரம் கேளுங்கள். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள், நோயாளியின் கண்மட்டத்துக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு செலவு என்று குடையாதீர்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஒரே மாசத்துல போயிட்டார்" என்று தப்பித்தவறியும் சொல்லாதீர்கள் (சிரிக்கவேண்டாம், சொல்கிறார்கள்). ஒரு சின்ன சங்கீதப் பகுதி, இரண்டு நிமிட ஜெபம், பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொந்தரவில்லாத குரலில். பக்கத்துக் கட்டில்காரர் வேறு மதமாக இருந்தால் அவரிடமும் நலம் விசாரியுங்கள்; ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். வெளியே வந்ததும் கூட நிற்கிற மனைவியையோ மகளையோ "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

பிரசங்கம் செய்ய வருகிறவர்களுக்கு வேறு மாதிரி பயிற்சி. முதல் முறை ஞாயிறு ஆராதனையில் ஏற்றாதீர்கள். கிளைச் சபையின் வாரநடுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசட்டும். எழுதிக் கொண்டுவரச் சொல்லி முந்தின நாளே குருவானவர் படித்துப் பார்க்கட்டும். பேசி முடித்த பிறகு தனியாக உட்கார்ந்து, எது நன்றாக இருந்தது, எது தேவையில்லை என்று பேசுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்பொல்லோவைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டுபோய் விவரமாக விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் 18-ல் இருக்கிறது. கூட்டத்தின் நடுவில் எழுந்து திருத்தவில்லை.

ஆறாம் படி: வீடு சந்திப்பைத் தெருவாரியாகப் பிரியுங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கணக்கு எளிது. 300 குடும்பம் உள்ள சேகரத்தில் குருவானவர் வாரம் ஐந்து வீடு போனால், எல்லா வீட்டையும் ஒருமுறை முடிக்க 60 வாரம் ஆகும். நடுவில் அடக்கம், பண்டிகை, திருமண்டலக் கூட்டம் வந்தால் இரண்டு வருடம். 15 பேர் ஆளுக்கு 20 வீடு எடுத்து, வாரம் ஒரே ஒரு வீட்டுக்குப் போனால்கூட 20 வாரத்தில் எல்லா வீடும் முடியும். யாருக்கும் பாரமில்லை.

ஒரு பகுதிக்கு இருவர் நல்லது, ஒரு ஆணும் ஒரு பெண்ணும், அல்லது கணவன் மனைவியாக. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆண் மட்டும் போகக்கூடாது என்பது எழுதாமலே எல்லாரும் அறிந்தது. ஆனாலும் எழுதிவிடுங்கள். ஒரு நோட்டில் வீட்டுப் பெயர், போன தேதி, நோயாளி அல்லது வயதானவர் உண்டா, பிறந்தநாள் என்று மட்டும் குறிக்கலாம். வீட்டுப் பிரச்சினைகளை நோட்டில் எழுதாதீர்கள். நோட்டு தொலையும், இல்லாவிட்டால் மருமகள் கையில் கிடைக்கும்.

இதில் எங்கும் வருகிற தொல்லை ஜெபக் குறிப்பு. "அந்த வீட்டுத் தம்பி குடிக்கிறானாம், ஜெபிச்சுக்கோங்க" என்று கூட்டத்தில் சொன்னால், அது ஊர்ச்செய்திதான். சம்பந்தப்பட்டவர் அனுமதி கொடுத்ததை மட்டுமே கூட்டத்தில் சொல்லவேண்டும், வாட்ஸாப் குழுவில் போடுவதற்குத் தனியாகக் கேட்கவேண்டும். இந்த விதியை மீறுகிறவரை ஒருமுறை எச்சரியுங்கள். மறுபடி நடந்தால் பகுதியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். ஒரு வீட்டின் நம்பிக்கை போனால் அந்தத் தெருவே கதவைச் சாத்திவிடும்.

குருவானவர் வீடு சந்திப்பதை நிறுத்தலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பகுதிப் பொறுப்பாளர் எங்கே அவசரம் என்று சொல்கிறாரோ, அங்கே முதலில் போவார். முன்பு மரியாதைக்காகப் பெரிய வீடுகளுக்கே அடிக்கடி போய்க்கொண்டிருந்தவர், இப்போது தேவைப்பட்ட வீடுகளுக்குப் போக முடியும்.

ஏழாம் படி: பணத்தில் தெளிவு

இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. காணிக்கையை ஆலயத்திலேயே, அன்றைக்கே, உறவினர் அல்லாத இருவராவது எண்ணவேண்டும். எண்ணியவர்கள் தொகையை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், பணம் மறுநாள் வங்கிக்குப் போகவேண்டும். குருவானவர் எண்ணவேண்டாம், தனியாக வைத்திருக்கவும் வேண்டாம். அவருக்குத்தான் அது பாதுகாப்பு. எருசலேமின் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குற்றம் சொல்லாதபடிக்குப் பவுல் மற்ற சகோதரரையும் சேர்த்து அனுப்பியதை 2 கொரிந்தியர் 8-ல் வாசிக்கலாம். வரவுசெலவை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பகுதிப் பொறுப்பாளர்களின் 500 ரூபாய்க்கும் ஒரு வவுச்சர் இருக்கட்டும், பெறுபவர் பெயருக்குப் பதில் வீட்டு எண்ணைப் போட்டால் போதும்.

எட்டாம் படி: பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம்

ஓய்வுநாள் பாடசாலை, விடுமுறை வேதாகமப் பள்ளி இரண்டும் முழுக்க முழுக்கச் சபையாரால் நடப்பவை. தோளில் தட்டிக்கொடுக்க வேண்டியதுதான். ஆனால் நல்ல பிள்ளை, நம்ம பிள்ளை என்ற நம்பிக்கையில் மட்டும் ஆட்களைச் சேர்க்காதீர்கள். ஆறு மாதமாவது சபையில் தெரிந்தவராக இருக்கட்டும். எந்த வகுப்பிலும் பெரியவர் இருவர், கதவு திறந்தபடி. தனியாக ஒரு பிள்ளையை யாரும் வண்டியில் கூட்டிப்போகக்கூடாது. ஏதாவது தவறு நடந்ததாகத் தெரிந்தால் கமிட்டியில் வைத்துப் பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது. போக்ஸோ சட்டம் 2012-ன்படி குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும். 1098 சிறார் உதவி எண்ணையும் ஞாயிறு பள்ளி அறையில் எழுதி ஒட்டுங்கள். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைத்த இடங்களில்தான் பெயர் முழுசாகக் கெட்டிருக்கிறது.

ஒன்பதாம் படி: மாதம் ஒருமுறை கூடிப் பேசுங்கள்

பொறுப்பாளர்கள் எல்லாரும் குருவானவரோடு மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். முதலில் அரை மணி வேதம் படித்து ஜெபிப்பது. பிறகு ஒவ்வொருவரும் சொல்வது: எது நடந்தது, எது நடக்கவில்லை, எனக்கு என்ன உதவி வேண்டும். கட்டட விஷயம், தேர்தல் விஷயம் இந்தக் கூட்டத்துக்குள் வரக்கூடாது. வந்தால் விழுங்கிவிடும். அதற்குக் கமிட்டி இருக்கிறது.

கமிட்டியும் இந்தப் பொறுப்பாளர் குழுவும் மோதிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். "நாங்கள் தேர்தலில் வந்தவர்கள், இவர்கள் யார்?" என்ற கேள்வி வரும். ஆரம்பத்திலேயே அரைத் தாள்களைக் கமிட்டியில் வைத்துத் தீர்மானம் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஆளுக்கொரு தெருவைக் கொடுத்தால் மீதியும் குறையும். இருபது வீட்டுக்கு நடந்து பார்த்தவர் கூட்டத்தில் பேசும் தொனியே மாறிவிடும்.

ஒருவர் சரியாகச் செய்யவில்லை என்றால் என்ன செய்வது? மூன்று மாதம் பாருங்கள். தனியாகப் பேசுங்கள். வேலை மாற்றம், வீட்டில் நோய், மகள் கல்யாணம் என்று காரணம் இருக்கும். வேறு வேலை பொருந்துமா என்று கேளுங்கள். பேசாமலே பெயரை எடுத்துவிட்டு அறிவிப்புப் பலகையில் புதுப் பட்டியல் ஒட்டும் வழக்கத்தால் எத்தனையோ குடும்பங்கள் வேறு சபைக்குப் போயிருக்கின்றன.

ஐயரவாள் விட்டுக்கொடுக்காவிட்டால்? சபையார் முன்வராவிட்டால்?

இரண்டும் நடக்கும். எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருக்கும் குருவானவரை மனு எழுதி மாற்ற முடியாது. அவருக்குப் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும். தப்பு நடந்தால் பேராயர் தன்னைத்தானே கேட்பார் என்ற பயம். அது நியாயமானதும்கூட. ஆகவே சின்னதாகக் கேளுங்கள். "ஐயரவாள், எங்கள் தெருவில் படுக்கையில் இருக்கிற ஆறு பேரை வாரம் ஒருமுறை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாதம் ஒருமுறை உங்களிடம் வந்து சொல்கிறோம்" என்று சொன்னால் மறுக்கிறவர் அபூர்வம். நடத்திக் காட்டிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

சபையார் பக்கம் வேறு பாட்டு: "அதுக்குத்தானே ஐயருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்." இதற்குக் கோபப்பட்டுப் பிரசங்கம் செய்தால் அடுத்த வாரம் ஆட்கள் குறைவார்கள். அவர்களுடைய வீட்டுத் துக்கத்தில் பகுதிப் பொறுப்பாளர் முதல் ஆளாகப் போய் நின்று, பந்தல் போட்டு, மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தால் அவர்களில் பலர் தாங்களாகவே மாறுவார்கள். எல்லாரும் மாறமாட்டார்கள்.

கடைசிப் படி: மாற்றல் வருமுன்

சி.எஸ்.ஐ. குருமாருக்கு மாற்றல் உண்டு. சில ஆண்டுகளில் வேறு சேகரம், அடுத்தவருக்கு வேறு யோசனை. ஒரு ஐயரின் உற்சாகத்தில் தொடங்கியது அவரோடு லாரியில் ஏறிப் போய்விடக்கூடாது. அதனால் மாற்றல் உத்தரவு வருவதற்குக் காத்திராமல், ஒவ்வொரு ஏப்ரலிலும் அரைத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டு, தெருவாரி வீட்டுப் பட்டியலையும் புதுப்பித்துச் செயலரிடமும் வெஸ்ட்ரியிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். புதிய குருவானவர் வந்த முதல் மாதத்தில், பகுதிப் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் அவரைத் தன் தெருவுக்குக் கூட்டிப்போய் எல்லா வீட்டிலும் அறிமுகப்படுத்தட்டும். ஒரு தெருவுக்கு ஒரு சாயங்காலம் போதும், வீட்டுக்கு ஐந்து நிமிடம். டீ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வீட்டைத் தாண்டமாட்டீர்கள்.